கருவி பழகும் நேரம்

எங்கள் வீட்டுக் குளிரை அளக்க வந்தவனுக்கு என் கையாலேயே இறைச்சி வேகவைத்துப் போட்டேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்களுடையது ஐந்தாவது மாடி, மூலை வீடு. வீடுகளைச் சூடாக்க நகரத்து வெந்நீர் நிலையத்திலிருந்து கிளம்பும் குழாயில் எங்கள் கட்டடம்தான் கடைசி. வழியில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பனியனோடு உட்கார்ந்திருப்பார்கள். எங்களிடம் வந்து சேருவது தண்ணீர்தான், சூடு இல்லை. ஜன்னலுக்குக் கீழே அந்த வெந்நீர் ஓடும் வார்ப்பிரும்பு ரேடியேட்டரைத் தொட்டால் அதற்கு நாம்தான் சூடு கொடுக்க வேண்டும். நான் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் அடுப்பு முன்னால் வேர்த்து வழிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து கோட்டோடு படுக்கிறேன். மாத வாடகையோடு சூட்டுக்கும் சேர்த்துத்தான் பிடிக்கிறார்கள். எந்தச் சூட்டுக்கு என்று கேட்டால் பதில் கிடையாது.

எனக்காக என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன், இத்தனை வருஷம் பொறுத்ததுதானே. ஆனால் தம்பி பெகாசிலுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை நான்தான் வளர்த்தேன். அவன் பிள்ளை சான்ஜார் எங்கள் வீட்டுக்கு வந்து சில வாரம்கூட ஆகவில்லை, நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போது விலா எலும்புகள் உள்ளே போய் வெளியே வந்தன. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தம்பி மனைவி பல்ஜான் அங்கேயே தங்கிவிட்டாள்.

பிள்ளை தேறினான். ஆனால் டாக்டரம்மா விடமாட்டேன் என்றார்.

"வீட்டுல எவ்ளோ டிகிரி?" என்று கேட்டார்.

"பதிமூணு."

"பதிமூணா? அது வீடா, ஐஸ் பெட்டியா? இருபத்திரண்டு ஆகட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போங்க. இந்த நுரையீரல் இன்னொரு தடவை தாங்காது."

பல்ஜானின் அப்பா வீட்டுக்குப் போகலாமா என்றால், அங்கே நிலக்கரி அடுப்பு. அந்தப் புகை குளிரைவிட மோசம் என்றார் டாக்டரம்மா. மின்சார ஹீட்டர் இரண்டை ஒன்றாகப் போட்டால் எங்கள் மாடிப்படி முழுக்க ஃபியூஸ் போய்விடும். கேஸ் அடுப்பை எரியவிடலாமா என்று கேட்டேன். "குழந்தை மூச்சு விடற காத்தை அடுப்புக்குக் கொடுக்கப் போறீங்களா?" என்று திட்டினார். ஆக, ரேடியேட்டர் சுட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை வீட்டுக்கு வர முடியாது.

வெந்நீர் அலுவலகத்துக்குப் போய் நின்றேன். சந்தையில் வாங்கிய வெப்பமானி வீட்டில் பதிமூன்று காட்டுகிறது என்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அதுல முத்திரை இருக்காக்கா? முத்திரை இல்லாத கருவி காட்டறது கணக்குல வராது. எங்க ஆளு வந்து அளக்கணும். பதினெட்டுக்குக் கீழ இருந்தாத்தான் குறைன்னு எழுதுவாங்க."

பார்த்துக்கொள்ளுங்கள். என் கருவியில் முத்திரை இல்லை, அதனால் எனக்குக் குளிர்வது குளிர் இல்லை.

அவர்கள் ஆள் வந்தான். கெனெஸ் என்று பெயர். நாற்பது வயசு இருக்கும், உருண்டை முகம், நல்ல சிரிப்பு. கையில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள்ளே உள்ளங்கை அளவில் ஒரு கருவி, அதிலிருந்து வால் மாதிரி ஒரு கம்பி. அறையின் சூட்டையும் காற்றின் ஈரத்தையும் காட்டுமாம். பின்பக்கத்தில் பளபளவென்று முத்திரை. நாற்காலியை அறைக்கு நடுவில் இழுத்துப் போட்டு, ஜன்னலுக்கும் ரேடியேட்டருக்கும் எட்டத்தில் கருவியை அதன்மேல் வைத்தான்.

"வெளிக்குளிர்லேருந்து வந்திருக்கு. இந்த அறைக்குப் பழகணும். அரைமணி நேரமாவது ஆகும். அதுக்கு முன்னாடி பாத்தா தப்பாக் காட்டும்" என்றான்.

உண்மைதான், அதில் பொய் இல்லை. ஆனால் அரைமணி நேரம் ஒரு மனுஷன் என் வீட்டில் உட்கார்ந்திருக்கப் போகிறான். வெறும் வாயோடு உட்கார வைப்பேனா? நான் என்ன காட்டுமிராண்டியா? அதுவும் பிள்ளைக்காக வந்தவன். அவன் வருவான் என்று தெரிந்து காலையிலேயே குதிரை இறைச்சியை அடுப்பில் ஏற்றிவிட்டேன். நாலு அடுப்பும் எரிந்தன. ஒன்றில் இறைச்சி, ஒன்றில் மாவு பொரியும் எண்ணெய், ஒன்றில் கெண்டி, ஒன்றில் பால். ஓவனில் ரொட்டி. விருந்தாளியைத் தனியாகச் சாப்பிட விடுவது அழகா? எதிர்வீட்டு ஜினைதா அம்மாவைக் கூப்பிட்டேன், கீழ்வீட்டு இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டேன். தஸ்தர்கானை, அதாவது சாப்பாட்டு விரிப்பை, விரித்துச் சுற்றி உட்கார்ந்தோம். இறைச்சித் தட்டு நடுவில் வந்தது, ஆவி கூரை வரைக்கும் போனது. கெனெஸ் கோட்டைக் கழற்றினான். கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரையும் கழற்றினான். நெற்றியைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டான். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"உங்க கை கையில்ல அக்கா, தங்கம்" என்றான்.

நான் இன்னொரு கிண்ணம் டீ ஊற்றினேன்.

பிறகு எழுந்து கருவியைப் பார்த்தான். எங்களுக்கும் திருப்பிக் காட்டினான். சுவரில் இருந்த என் வெப்பமானியும் கூட்டுச் சேர்ந்துகொண்டு அதையே காட்டியது. விருந்து மும்முரத்தில் அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் ஏதோ எழுதி ஒரு காகிதத்தை நீட்டினான், நான் கையெழுத்துப் போட்டேன். நம் உப்பைத் தின்ற விருந்தாளி நீட்டுகிற காகிதத்தை யாராவது வாசித்துப் பார்ப்பார்களா? இறைச்சி கொஞ்சம் கட்டிக் கொடுத்து வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

எல்லாரும் போன பிறகுதான் வாசித்தேன். "அறை வெப்பம் இருபத்தொன்று. குறைபாடு இல்லை. புகார் நிராகரிக்கப்பட்டது."

ஜினைதா அம்மா பாத்திரம் கழுவ வந்தவர், காகிதத்தை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். பிறகு சொன்னார்: "கம்ஷாத், அந்த ஆளு குழாய அளக்கல. உன் சமையல அளந்துட்டுப் போயிட்டான்."

சாயங்காலத்துக்குள் அறை பழையபடி பதிமூன்றுக்கு இறங்கிவிட்டது. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டேன். இரண்டாவது மாடியில் புலாவ் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது மாடியில் நூடுல்ஸ் சூப். ஜினைதா அம்மாவே போன மாதம் அவனுக்கு அப்பம் சுட்டுக் கொடுத்திருக்கிறார், அதைச் சொல்லும்போது அவர் முகம் சிவந்துபோயிற்று. எல்லார் வீட்டிலும் ஒரே காகிதம்: குறைபாடு இல்லை. எல்லார் வீட்டுக்கும் சாப்பாட்டு வேளையில்தான் வந்திருக்கிறான். கட்டடம் முழுக்கக் குளிரில் நடுங்குகிறது, காகிதத்தில் கட்டடம் முழுக்கக் கதகதப்பு.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன், ஜன்னலுக்கு அல்ல, நேராக மேலாளர் ஒராஸ்பாயின் அறைக்கு. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் விசிறி சுற்றியது. ஜனவரி மாதத்தில் விசிறி!

"இந்தக் குளிர்காலத்துல உங்க வட்டாரத்துலேருந்து வந்த ஒரு புகார்கூட நிரூபணமாகல" என்றார்.

"நிரூபணமாகறதுக்கு விட்டாத்தானே! உங்க ஆளு உக்காந்து வயிறு முட்டத் தின்னுட்டு, அந்தச் சூட்ட எழுதிட்டு வர்றான்!"

"இங்க பாரும்மா. கருவி பொய் சொல்லுமா? அந்த நேரத்துல அறைல இருபத்தொண்ணு இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு! அடுப்பால இருந்துச்சு!"

"அடுப்ப மூட்டச் சொன்னது யாரு? நாங்களா டீ கேட்டோம்? நீங்களாக் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சோறு போட்டீங்க. அதுக்கு நாங்க என்ன பண்ணமுடியும்?"

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பில் எனக்கு எல்லாம் புரிந்தது. தெரிந்தேதான் செய்கிறார்கள். எங்கள் ஊரில் எவனும் விருந்தாளியை வெறும் வயிற்றோடு அனுப்பமாட்டான் என்று தெரிந்தே அந்த அரைமணி நேரத்தை எங்கள் கையில் கொடுக்கிறார்கள். நாங்களே எங்கள் புகாரை வேகவைத்து அவர்களுக்கே பரிமாறுகிறோம். குழாயில் சூடு அனுப்புவதைவிட அது அவர்களுக்குச் சுலபம்.

"இன்னொரு புகார் எழுதிக்கங்க. இந்தத் தடவை என் வீட்டுல பச்சத் தண்ணிகூடக் கிடைக்காது" என்றேன்.

"எழுதிக்கறேன்" என்றார் ஒராஸ்பாய். "யார அனுப்பணும்னு எனக்குத் தெரியும்."

அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாடிப்படி முழுக்கச் சொல்லிவைத்தேன். ஆள் வருகிற அன்று யார் வீட்டிலும் அடுப்பு எரியக்கூடாது, யாரும் யாரையும் உட்காரச் சொல்லக்கூடாது. கீழ்வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "டீகூடவா கூடாது? ஒரு கிண்ணம் டீல என்ன சூடாயிடப் போவுது?" ஒரு கிண்ணம் டீ என்று ஆரம்பித்து எந்த வீட்டிலாவது ஒரு கிண்ணத்தோடு முடிந்திருக்கிறதா என்று கேட்டேன். 

அந்த நாள் வந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டு, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு திறந்தேன். வாசலில் நரித்தோல் குல்லாயும், ஒரு கையில் மிட்டாய்ப் பெட்டியும், மறுகையில் அந்தக் கறுப்புப் பெட்டியுமாகச் சம்பந்தி ஜுமாபேக் நிற்கிறார். பல்ஜானின் அப்பா.

அவர் வெந்நீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கும் பிரிவில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வீடு வீடாக அளப்பது அவர் வேலையில்லை. ஒராஸ்பாய் விசாரித்துத் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறார். அடப் பாவி! எங்களிடத்தில் சம்பந்திக்கு மேல் விருந்தாளி கிடையாது. சம்பந்தி வந்தால் ஆட்டை அறுக்க வேண்டும், வால்கொழுப்பும் ஈரலும் வாயில் ஊட்ட வேண்டும், போகும்போது தோளில் சால்வை போட வேண்டும். சம்பந்தியை டீ கொடுக்காமல் அனுப்பினால் பெண்ணைக் கொடுத்த குடும்பத்தின் முகத்தில் துப்பியது போல.

"சம்பந்தி, சௌக்கியமா?" என்று சிரித்தார்.

பின்னாலிருந்து பெகாசில் ஓடி வந்தான். "மாமா! வாங்க வாங்க!" குல்லாயை வாங்கப் போனான்.

"குல்லாய் தலையிலேயே இருக்கட்டும். உள்ள குளிரும்" என்றேன்.

ஜுமாபேக் சிரிப்பை நிறுத்தவில்லை, ஆனால் கண் என்னையே பார்த்தது. நாற்காலியை நடுவில் போட்டுக் கருவியை வைத்தார். வழக்கமாக விருந்தாளி உட்காரும் உயர்ந்த இடத்தில், சுவரோரம் உட்கார்ந்தார். நான் எதிரில் கோட்டோடு உட்கார்ந்தேன். தஸ்தர்கான் விரிக்கவில்லை.

பெகாசில் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனான். "அக்கா, உனக்குப் பைத்தியமா? அது என் மாமனாரு! நாளைக்கு நான் அவங்க வீட்டு வாசல்ல எப்படிக் கால் வெப்பேன்? ஒரு கெண்டி மட்டும், அக்கா. உன் காலப் பிடிச்சுக்கறேன்."

"உன் புள்ள எங்கடா இருக்கான்?"

"அக்கா…"

"எங்க இருக்கான்னு கேக்கறேன்!"

"ஆஸ்பத்திரில."

"கெண்டியத் தொட்டேன்னா அவன் அங்கயேதான் இருப்பான். போய் உன் மாமனாருக்கு எதிர்ல நில்லு."

அவன் போய் நின்றான். அவமானத்தில் கண் கலங்கித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். நான் வளர்ந்த வளர்ப்பு அப்படி. கை தானாக எழுந்து கெண்டியிடம் போகப் பார்த்தது, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

ஜுமாபேக் கோட்டுக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கையைத் தேய்த்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்.

"சம்பந்தி, நான் கருவி காட்டறதத்தான் எழுதுவேன். ஒரு புள்ளிகூட மாத்தமாட்டேன். ஆனா டீ குடிக்கக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"உங்கள இங்க அனுப்பும்போது ஒராஸ்பாய் என்ன சொன்னாரு?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்ன சொல்லுவாரு… 'நீங்க போங்க. உங்கள வெறும் வயித்தோட அனுப்பமாட்டாங்க'ன்னாரு."

"ஏன் அப்படிச் சொன்னாருன்னு யோசிச்சீங்களா?"

 சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கோபமும் குளிருமாக அவர் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. "என் பொண்டாட்டி கேட்டா என்ன சொல்லுவேன்? சம்பந்தி வீட்டுல என்ன போட்டாங்கன்னுதான் முதல்ல கேப்பா" என்றார். குழந்தை மாதிரி சொன்னார்.  இருந்தும் நான் அசையவில்லை.

நேரம் ஆயிற்று. எழுந்து கருவியை எடுத்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பன்னண்டு புள்ளி எட்டு" என்றார். உதறி மறுபடி நாற்காலியில் வைத்துக் காத்திருந்தார். மாறவில்லை. ரேடியேட்டரிடம் போய் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் அங்கேயே குனிந்து நின்றார்.

"பல்ஜான் போன்ல சொன்னா, சம்பந்தி. 'அப்பா, இங்க ரொம்பக் குளுருது'ன்னு அழுதா. நான் நம்பல. புது வீட்டுல பழகற வரைக்கும் எல்லாப் பொண்ணுங்களும் அழுவாங்கதானேன்னு நெனச்சேன். நான் இங்க வந்தப்பெல்லாம் வேர்க்குமே! கோட்டக் கழட்டிப் போட்டுட்டுதானே உக்காருவேன்!"

"நீங்க வர்றீங்கன்னா விடியறதுக்கு முன்னாடியே அடுப்ப ஏத்திடுவோம். இருபது பேரக் கூப்பிடுவோம். அப்புறம் எப்படிக் குளுரும்?"

"என் பேரன் இதுலயா படுத்திருந்தான்?" என்று கேட்டார். அந்த மனுஷன் குரல் உடைந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

அவர் எழுதும்போதே அவர் போன் அடித்தது. விரல் விறைத்துப் போயிருந்ததால் காதில் வைக்கத் தெரியாமல் ஏதோ பொத்தானை அழுத்த, ஒராஸ்பாயின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்ன, முடிஞ்சுதா? எவ்ளோ?"

"பன்னண்டு புள்ளி எட்டு."

"என்னது? சாப்பிட்ட பிறகுதானே பாத்தீங்க?"

"சாப்பிடல."

"டீ?"

"டீயும் குடுக்கல."

 பிறகு ஒராஸ்பாய் கத்தினார். நிஜமாகவே மனசு புண்பட்டுக் கத்தினார்: "சம்பந்திக்கு டீகூடக் குடுக்கலையா? என்ன ஜனங்கய்யா அவங்க! வெக்கம் மானம் எதுவும் இல்லையா?"

இத்தனை குளிர்காலமாக எங்களைப் பச்சைத் தண்ணீரில் உட்காரவைத்தவனுக்கு அன்றைக்குத்தான் வெட்கம், மானம் எல்லாம் ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஜுமாபேக் முந்திக்கொண்டார்.

"வெக்கம் எனக்கு இருக்குங்க. அதனாலதான் இந்தக் கட்டடத்துல மிச்ச வீடுகளையும் இன்னிக்கே அளந்துட்டு வரப்போறேன். எவங்கிட்டயும் டீ வாங்கிக் குடிக்காம."

அளந்தார். ஒவ்வொரு வீட்டிலும் கருவி பழகும்வரை குல்லாயோடு உட்கார்ந்தார். யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ஜினைதா அம்மா மட்டும் அவர் முழங்காலில் ஒரு கம்பளியைப் போட்டுவிட்டு, பாவம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி வீட்டில் அவரால் பேனா பிடிக்க முடியவில்லை. அத்தனை காகிதம் முத்திரையோடு போன பிறகு அலுவலகத்தால் மழுப்ப முடியவில்லை. நிலவறையில் இறங்கிப் பார்த்தார்கள். எங்கள் பக்கம் வரும் குழாயில் சில்லறைக் காசு அளவுக்கு ஓட்டை விட்டு இரும்புத் தட்டு வைத்து அடைத்திருந்தது. முந்தின கட்டடங்களுக்குச் சூடு குறையாமல் இருக்கட்டும் என்று யாரோ வைத்ததாம். யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது! எடுத்துப் போட்டார்கள். ரேடியேட்டர் டொக் டொக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு சுட ஆரம்பித்தது. அன்று நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன், அழுதேன், கன்னம் சுட்டுக்கொண்டேன்.

சான்ஜார் வீட்டுக்கு வந்தான். இந்தத் தடவை ஆட்டையே அறுத்தோம். ஜுமாபேக் உயர்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார், மனைவியும் வந்திருந்தார். முதல் கிண்ணம் டீயை நானே இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, மனைவியைப் பார்த்து, "இவங்க வீட்டு டீக்கு நான் ரொம்ப நாள் காத்துக் கெடந்தேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பல்ஜான் மடியில் பிள்ளை கையையும் காலையும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்கினான். முதல் தடவையாக வெளியே நீட்டிக்கொண்டு.

நான் இறைச்சித் தட்டை எடுக்கப் போனவள், தற்செயலாக ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே பின்தெருக் கட்டடத்தின் முன்னால் அலுவலக ஜீப். அதிலிருந்து உருண்டை முகத்தோடு கெனெஸ் இறங்குகிறான், கையில் கறுப்புப் பெட்டி. வாசலில் ஒரு பெண் வெறும் தலையோடு ஓடி வந்து, சிரித்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகிறாள். மூன்றாவது மாடி ஜன்னல் ஏற்கெனவே ஆவி படிந்து வெளுத்திருக்கிறது.

தட்டைப் பெகாசில் கையில் திணித்தேன். "எங்க போற அக்கா? சம்பந்தி உக்காந்திருக்காரு!" என்று கத்தினான். வீட்டுச் செருப்போடு மாடிப்படியில் இறங்கினேன். பின்னாலேயே ஜுமாபேக் குல்லாயை மாட்டிக்கொண்டு இறங்கி வரும் சத்தம் கேட்டது.

பனியில் ஓடி, அந்தக் கட்டடத்து மூன்றாவது மாடி ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. பொரிந்த மாவு வாசனை மாடிப்படிவரை வந்தது. நடு அறையில் நாற்காலிமேல் கருவி பழகிக்கொண்டிருந்தது. கெனெஸ் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, யார் எவர் என்றுகூடக் கேட்காமல், முகம் மலர்ந்து, "வாங்க அக்கா, வாங்க, உக்காருங்க, டீ கொதிக்குது" என்றாள்.

நான் நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தேன்.